ஈட்டி மூட்டில் கோடாலி வைக்கும் முன்

கேள்வி: அருமனை பக்கம் எங்கள் அப்பாவின் விளை இரண்டரை ஏக்கர் இருக்கிறது. ரப்பர் 400 மூடு, 28 வருஷம் ஆகிவிட்டது, பால் குறைந்துவிட்டது. வேலியோரம் 14 தேக்கு, நடுச்சுற்று ஏறக்குறைய 40 அங்குலம். 5 அயனி. கிணற்றுக்குப் பின்னால் பெரிய ஈட்டி மரம் (ரோஸ்வுட்) ஒன்று. நான் குவைத்தில் நர்ஸாக இருக்கிறேன், ஊரில் வீட்டு வேலை தொடங்கியிருக்கிறோம். ஒரு தடி வியாபாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை பேசி, “பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அட்வான்ஸ் பிடியுங்கள்” என்கிறார். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. நிலை, கதவுக்கு பர்மா தேக்குதான் வேண்டும் என்கிறார் ஆசாரி. கடைக்காரரோ கானா தேக்கு விலை குறைவு, காட்டைக் கெடுக்காமல் எடுத்த தடி என்பதற்கான எஃப்எஸ்சி சர்டிபிகேட்டும் உண்டு என்கிறார். எங்கேயோ இருக்கிற காட்டை அழித்துத்தான் நம் வீட்டுக்குக் கதவு வைக்க வேண்டுமா என்று என் மகள் கேட்கிறாள். என்ன செய்யலாம், அண்ணா?

பதில்: சகோதரி, அந்த அட்வான்ஸை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தடி அளந்து, தரம் பார்த்து, சான்றிதழ் ஆடிட்டுக்காக மில் மில்லாக ஏறி இறங்கிப் பிழைப்பவன் நான். “பேப்பர் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற பேச்சை முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உண்மையாகவே ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்து விளைக்காரரின் தடியைக் கொண்டுபோக எடுத்த பாஸிலேயே உங்கள் மரத்தையும் ஏற்றிவிடுகிற ஆளும் உண்டு, உங்கள் பெயரில் பாஸ் எடுத்து எங்கிருந்தோ வந்த தடியை அதில் கடத்துகிற ஆளும் உண்டு. கடைசி வகைதான் ஆபத்து. குலசேகரம் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நாலு தேக்கு விற்றார், அதில் வந்தது 11 துண்டு. லாரியைப் பிடித்தபோது அதில் 19 துண்டு இருந்தது. மறுநாள் காலை வனத்துறை ஆட்கள் அவர் விளைக்கு வந்து கேட்ட ஒரே கேள்வி: “சார், மிச்சம் எட்டுத் துண்டுக்கு மூடு எங்கே?” மனுஷன் காட்ட எங்கே போவார்? மரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம், தரையில் நிற்கும் அடிமூட்டைக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் இந்தத் தொழிலில் எந்த நாட்டுச் சட்டமானாலும் சுற்றி வந்து இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. வாத்தியார் ஏழு மாதம் அலைந்தார்.

சரி, உங்கள் விளைக்கு வருவோம். முதல் வேலை பட்டா. தாத்தா பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்கு மாற்றாமல் மரத்தைத் தொட்டால், நாளைக்கு சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு மனு வந்தாலே போதும், எல்லாம் நின்றுவிடும். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், பங்காளிகளின் சம்மதக் கடிதம், இதெல்லாம் சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் மகள் காலம் வரைக்கும் தொல்லையில்லை. குவைத்திலிருந்து பவர் எழுதுவதானால் அம்மா பெயரிலோ கூடப்பிறந்தவர் பெயரிலோ எழுதுங்கள், அதுவும் இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதுங்கள். வியாபாரி பெயரில் பவர் என்ற பேச்சு வந்தால் போனை வைத்துவிடலாம்.

இரண்டாவது, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய தலைவலி. உங்கள் சர்வே எண் ‘தனியார் காடு’ பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-ல் சென்னை மாகாணத்துக்காக வந்தது. நாம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். பிற்பாடு அந்தச் சட்டம் நம் மாவட்டத்துக்கும் நீட்டப்பட்டு, மலையடிவாரத்தில் தலைமுறையாக ரப்பரும் கிராம்பும் போட்டிருந்த விளைகள் பலவும் காகிதத்தில் காடாகிவிட்டன. பட்டியலில் இருந்தால் கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவது மட்டுமல்ல, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோகூட முடியாது. நீங்கள் வீட்டுக் கடனுக்கு அந்த விளையை ஈடு வைக்கும் எண்ணத்தில் இருந்தால் இதை முதலில் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று வாயால் சொன்னால் போதாது. சர்வே எண், உட்பிரிவு போட்டு மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும்.

இதற்கு மேலே 1996 டிசம்பர் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவும் இருக்கிறது, கூடலூர் பக்கத்துக் காட்டுக்காக கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில் வந்தது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு என்றால் அது காடுதான் என்றது அந்த உத்தரவு. மரமில்லுக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பானதும் அந்த வழக்குக்குப் பிறகுதான்.

இனி மரம் மரமாக.

ஈட்டியை வெட்டாதீர்கள். இது என் கட்சி, சட்டம் அப்புறம். வியாபாரி மொத்த விளைக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறார் என்றால் அவர் கண் கிணற்றுக்குப் பின்னால்தான் இருக்கிறது, மீதி எல்லாம் அதற்குக் கொசுறு. ஈட்டிக்கென்றே 1994-ல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது, காலவரையறை போட்டு நீட்டித்துக்கொண்டு வந்த சட்டம் அது. அதனால் யாராவது ‘இப்போது தடை இல்லை’ என்றோ ‘தடை இருக்கிறது, ஆனால் எனக்கு ஆள் இருக்கிறது’ என்றோ சொன்னால் இரண்டையும் நம்பாமல் வனச்சரக அலுவலகத்தில் மனு போட்டு அன்றைய நிலையைக் கேளுங்கள். வயநாட்டு முட்டிலில் நடந்தது நினைவிருக்கும். 2020 அக்டோபரில் கேரள வருவாய்த்துறை போட்ட ஓர் உத்தரவைக் காட்டி, பட்டா நிலங்களில் நின்ற ஈட்டி மரங்களை நூற்றுக்கு மேல் சாய்த்தார்கள். 2021 பிப்ரவரியில் உத்தரவையே ரத்து செய்தார்கள். மரம் போயிற்று, வழக்கு மட்டும் நின்றது. அதில் மாட்டிக்கொண்டவர்களில் சொற்ப விலைக்கு மரத்தைக் கொடுத்த சாதாரண நிலக்காரர்களும் இருந்தார்கள், அவர்களிடமும் ‘பேப்பர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

ஈட்டிக்கு ஏன் உலகம் முழுக்க இத்தனை கெடுபிடி என்றால், அதன் சொந்தக்கார மரங்களை மடகாஸ்கரிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வெட்டி சீனாவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றிய கதைதான். மடகாஸ்கரில் 2009 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு தேசியப் பூங்காவுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். 2017 ஜனவரி 2 முதல் அந்தப் பேரினம் ஏறக்குறைய முழுவதும், நம் ஈட்டியும் சேர்த்து, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடு தாண்டவேண்டும் என்றால் எங்கே வெட்டியது, சட்டப்படி வெட்டியதா என்பதற்குத் தாள் வேண்டும்.

ஒரு பழைய கதையும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜ மரம். உன் விளையில் முளைத்தாலும் உன்னுடையது அல்ல, சர்க்காருடையது. என் தாத்தா சொல்வார், ஈட்டிக் கன்றைக் கண்டால் இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிட வேண்டும், மூன்றாவது இலை வந்தால் பார்வத்தியக்காரன் (அந்தக் காலத்துக் கிராம அதிகாரி) எண்ணிக்கையில் ஏறிவிடும் என்று. காட்டைக் காக்க வந்த சட்டம் கன்றைப் பிடுங்கச் சொல்லிக்கொடுத்தது. உங்கள் கிணற்றுக்குப் பின்னால் ஒன்று தப்பி நிற்கிறது என்றால், யாரோ ஒரு கிழவி பிடுங்க மறந்திருக்கிறாள், அல்லது மனசு வராமல் விட்டிருக்கிறாள்.

இதை நான் ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. அச்சு அசலாக இதே கதை கானாவில் இன்றைக்கும் நடக்கிறது. அங்கே தானாக முளைத்த தடி மரம் கொக்கோ விவசாயியின் நிலத்திலேயே நின்றாலும் அரசின் பொறுப்பில்தான். கம்பெனிக்காரன் அனுமதியோடு வந்து வெட்டும்போது கொக்கோச் செடி நசுங்கும், நஷ்டஈடு ஒழுங்காகக் கிடைக்காது. அதனால் விவசாயி என்ன செய்கிறான்? கன்றிலேயே கிள்ளிவிடுகிறான், பெரிய மரமானால் மூட்டில் தீ வைத்துப் பட்டுப்போக விடுகிறான், அல்லது ராத்திரியில் சங்கிலி ரம்பக்காரனுக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறான். சங்கிலி ரம்பத்தில் பலகை அறுத்து விற்பதை 1998-ல் தடை செய்தார்கள். இன்றுவரை அந்நாட்டின் உள்ளூர்ச் சந்தைக்கு வரும் பலகையில் பெரும்பகுதி அப்படி அறுத்ததுதான். வளர்த்தவனுக்கு மரத்தில் பங்கு இல்லாத இடத்தில் எத்தனை செக்போஸ்ட் போட்டும் பயனில்லை, நான் பார்த்தவரைக்கும் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

உங்கள் தேக்குக்கு வருகிறேன். பட்டா நிலத்துத் தேக்கை லாரியில் ஏற்ற வனத்துறையின் போக்குவரத்து அனுமதி வேண்டும், 1968-ம் வருஷத்து விதிகள். பட்டா, அடங்கல், புலப்படம், கிராம நிர்வாக அலுவலர் சான்று, மரத்தின் எண்ணிக்கையும் சுற்றளவும், இவற்றோடு ரேஞ்ச் ஆபீசில் மனு. மரம் நிற்கும்போதே ஆளைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள், வெட்டிப் போட்டபிறகு போனால் ஆயிரம் கேள்வி. 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே பாஸ் என்று ஆன்லைன் முறையும் தொடங்கியிருக்கிறார்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகும் தடிக்கு அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவில்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் உருட்டுத் தடியை அளப்பது எப்படி? நடுவில் கயிறு சுற்றி வருவதை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 40 அங்குலச் சுற்று, 14 அடி நீளம் என்றால் நாலில் ஒன்று 10, பத்துக்குப் பத்து நூறு, அதை 144-ஆல் வகுத்து 14-ஆல் பெருக்கினால் 9.7 கன அடி. உருளையின் உண்மையான கன அளவு 12.4. அதாவது ஒரு மரத்தில் 2.7 கன அடி கணக்கிலேயே வராது, 14 மரத்துக்கு 37 கன அடி. இது மோசடி அல்ல, சதுரமாக அறுக்கும்போது சீவல் போகும் என்று காலாகாலமாக விட்டுக்கொடுத்து வந்த வழக்கம், எல்லாரும் இப்படித்தான் அளக்கிறார்கள், விலையும் அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். மோசடி இதற்கு மேல் நடப்பது. தோலுக்கு என்று இரண்டு அங்குலம் கழிப்பார்கள், 14½ அடியை 14 என்பார்கள், கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். இரண்டு அங்குலம் கழித்தாலே 9.7 என்பது 8.8 ஆகிவிடும், போதாததற்கு ‘சுற்று 40-க்குக் கீழே, அது வேற ரேட்டு’ என்று விலையிலும் கை வைப்பார்கள். அதனால் தோல் மேலா தோல் நீக்கியா, நடுச்சுற்றா நுனிச்சுற்றா என்பதை விலை பேசும்போதே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் தையல் டேப் ஒன்று கையில் இருக்கட்டும், அதை எடுத்தாலே கயிறு தானாகத் தளரும்.

ரப்பரைத் தனியாக விற்கவும், தேக்கோடு சேர்க்க வேண்டாம். பட்டியலில் இல்லாத நிலம் என்றால் ரப்பர் தடிக்குப் பொதுவாக இத்தனை அலைச்சல் இருக்காது. ஒரே எச்சரிக்கை, வெட்டிப் போட்டுவிட்டு லாரிக்குக் காத்திருக்கக் கூடாது. ரப்பர் தடியில் மாவுச்சத்து அதிகம், சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும், பிறகு வண்டும் வரும். உடனே அறுத்து போராக்ஸ் மருந்தில் போட்டால்தான் பர்னிச்சருக்கு ஆகும், இல்லையென்றால் விறகு, பெட்டிப்பலகை விலைதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். விளை விளையாக ரப்பர் சரிந்து கிடந்தது, மில்லுகளுக்குக் கை போதவில்லை, நல்ல தடி எல்லாம் நீலம் பாய்ந்து கிடக்க, ‘எடுத்துக்கொண்டு போனால் போதும்’ என்று விளைக்காரர்கள் கெஞ்சினார்கள். அதனால் மில்லோடு நாள் குறித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மூடு அவர்களால் அறுக்க முடியுமோ அத்தனை மட்டும் சாய்க்கச் சொல்லுங்கள்.

மறுபடியும் ரப்பர்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு சின்ன வேலை. காடழிப்பு இல்லாத பொருள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் போட்டது, அதில் தடியும் உண்டு, ரப்பரும் உண்டு. இரண்டு தடவை தள்ளிப்போட்டிருக்கிறார்கள், ஆனால் வராமல் போகாது என்றே நினைக்கிறேன். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை வெட்டி உண்டாக்கிய நிலத்துச் சரக்கு ஆகாது, நிலம் எங்கே இருக்கிறது என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். நாலு ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஒரு புள்ளி போதும், உங்கள் விளை ஒரு ஹெக்டேர்தான். பழைய ரப்பர் நிற்கும்போதே போனில் இடத்தோடு நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காசு செலவில்லாத காரியம். பிரஸ்ஸல்ஸில் கேட்பதும் குலசேகரத்து விளையில் வாத்தியாரிடம் கேட்டதும் ஒரே கேள்விதான், அங்கே செயற்கைக்கோளை வைத்துக் கேட்கிறார்கள்.

அப்புறம் பர்மா தேக்கு. ஆசாரிமேல் குறை சொல்லமாட்டேன், அவர் அப்பா கையில் உளி பிடித்த காலத்தில் வந்த பர்மா தேக்கு அப்படிப்பட்டது. 1856-ல் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் அங்கே போய் ஒரு முறையை உண்டாக்கினார். காட்டை முப்பது பங்காகப் பிரித்து வருஷம் ஒரு பங்கில் மட்டும், அதிலும் நல்ல காட்டில் ஏழரை அடிச் சுற்றுக்கு மேற்பட்ட மரத்தை மட்டும் எடுப்பது. அந்த மரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி நின்றபடியே மூன்று வருஷம் காயவிட்டு, பிறகு சாய்த்து, யானை வைத்து இழுத்து ஆற்றில் மிதக்கவிடுவார்கள். பச்சைத் தேக்கு மிதக்காது. நின்றே காய்ந்த மரம் என்பதால்தான் நிலை கோணாமல் நூறு வருஷம் நின்றது. விதி நல்ல விதி, கெட்டது விதியால் அல்ல. பணத்தேவை வந்தபோதெல்லாம், முப்பது வருஷம் காத்திருக்க வேண்டிய பங்குக்கு அஞ்சு வருஷத்திலும் பத்து வருஷத்திலும் திரும்பத் திரும்பப் போனார்கள்.

தாய்லாந்தும் அதில் ஒரு கை வைத்தது. 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து, வெட்டிப் போட்ட தடிகள் மலையிலிருந்து உருண்டு ஊர் ஊராக அடித்துப் போயின. 1989 ஜனவரியில் நாடு முழுக்க மரம் வெட்டத் தடை போட்டார்கள். தடை சரிதான், ஆனால் தாய்லாந்துக்காரனின் தடி ஆசை தீரவில்லையே, ரம்பம் எல்லை தாண்டி பர்மாவுக்குள் போயிற்று. நாமும் அதையே செய்தோம். 1988 வனக் கொள்கை, 96 தீர்ப்பு என்று உள்ளூர்க் காட்டைப் பூட்டினோம், நல்லதுதான். ஆனால் தொழிலுக்குத் தேவையான தடியை விவசாயி வளர்க்கட்டும் என்று கொள்கையில் எழுதியவர்கள், அவன் வளர்த்ததை விற்க வழியை அகலப்படுத்தவில்லை. அந்த இடைவெளியில் தூத்துக்குடியில் கப்பல் வந்து நின்றது, செங்கோட்டை மில்லுகளில் வெளிநாட்டு உருளை அடுக்க ஆரம்பித்தார்கள்.

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுத் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதுவரைக்கும் அவர்களிடம் அதிகம் வாங்கியது நாம்தான். இப்போது வருவது அறுத்த தடி. 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அரசு மரக் கழகத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை விதித்தன, நம் நாட்டில் அப்படித் தடை இல்லை. ஆகவே வாங்குவது சட்ட மீறல் ஆகாது. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை மகளிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, கடையில் பர்மா என்று சொல்வதெல்லாம் பர்மா அல்ல. எனக்கே நேர்ந்தது. என் வீடு கட்டும்போது வேலை மும்முரத்தில் நானே போய்ப் பார்க்காமல், தெரிந்த கடையென்று போனில் சொல்லி பர்மா தேக்கு நிலை இறக்கினேன். இரண்டு மழைக்காலம் போனதும் நிலையின் மூலையில் மாவு கொட்டியது. பாலிஷைச் சுரண்டிப் பார்த்தால் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, அதன்மேல் சாயம். ஊருக்கெல்லாம் தரம் பார்த்துக் கொடுக்கிறவன் வீட்டு நிலை! வண்டு தின்பது வெள்ளையை மட்டும்தான், உள் வைரத்தைத் தொடாது. (நம் பக்கத்தில் வைரத்துக்குக் காதல் என்பார்கள், ‘காதல் இல்லாத தடி’ என்று ஆசாரி சொன்னதைக் கேட்டு சென்னையிலிருந்து வந்த என் மருமகன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.) நீங்கள் கடைக்குப் போனால் பக்கத்தைப் பார்க்காதீர்கள், அறுத்த தலையைப் பாருங்கள். அந்த இடத்தில் இழைப்புளி ஒரு தள்ளு தள்ளி, தண்ணீர் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். தேக்கில் வருஷ வளையம் தெளிவாகத் தெரியும். வளையம் நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்தது, அகல அகலமாக இருந்தால் தோட்டத்தில் வேகமாக வளர்ந்தது. வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கானா தேக்கு தோட்டத்து மரம், நட்டு வளர்த்தது. அதனால் கன்னிக்காட்டை அழித்து வந்தது என்று எடுத்த உடனே பழி போட வேண்டாம். பிரச்சினை வயசு, இருபது இருபத்தைந்து வருஷத்தில் வெட்டுவதால் வெள்ளை அதிகம். உங்கள் வேலியோரத் தேக்கும் ஏறக்குறைய அதே தரம்தான், இதை ஒளிக்கமாட்டேன். எஃப்எஸ்சி விஷயத்தில் கடைக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட்டைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அது அந்தக் கம்பெனி சான்று பெற்ற தடியைக் கையாளும் தகுதி உடையது என்பதற்கு மட்டும்தான். உங்களுக்குக் கொடுக்கும் பில்லில் அந்தச் சரக்கின் பக்கத்தில் சான்று வகையும் சான்று எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணை எஃப்எஸ்சி இணையதளத்தில் போட்டால் யார் பெயர், எந்த இனம், இன்றும் செல்லுபடியா என்று வரும். பில்லில் போடமாட்டோம் என்றால் அது சாதாரணத் தடி, சாதாரணத் தடி விலைக்கு வாங்குங்கள். இந்தோனேசியா இதை அரசாங்கமாகவே செய்தது. 2009-ல் நாடு முழுவதற்கும் தடிச் சட்டச் சோதனை முறை கொண்டுவந்து, 2016 நவம்பரில் ஐரோப்பாவுக்கு உரிமத்தோடு சரக்கு அனுப்பிய முதல் நாடு ஆனது. அங்கேயும் ஓட்டை இருக்கிறது, ஆனால் சின்ன மரவேலைப் பட்டறைக்காரன்கூட தடி எங்கிருந்து வந்தது என்று தாள் வைத்திருக்கப் பழகிவிட்டான். நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

ஆக உங்கள் மகளின் கேள்விக்கு என் பதில் இது. நம் விளையில் நட்டு வளர்ந்த மரத்தைத் தாளோடு வெட்டி நம் வீட்டுக்கு வைப்பதைவிடச் சுத்தமான தடி உலகத்தில் எங்கேயும் கிடைக்காது. அதை வியாபாரிக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கப்பலில் வந்த தடியைக் கூடுதல் விலைக்கு வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை. கணக்குப் பார்ப்போம். சாதாரண வாசல் நிலைக்கு ஐந்துக்கு நாலு அங்குலத்தில் 22 அடி ஓடும் என்றால் மூன்று கன அடிக்குக் கொஞ்சம் மேல். பத்து நிலைக்கு 31 கன அடி. உங்கள் 14 தேக்கில் 136 கன அடி, அறுத்தால் பாதி தேறும், 68. வெள்ளையைக் கழித்தால் இன்னும் குறையும்தான், ஆனாலும் நிலைக்குப் போய் உள்கதவுச் சட்டத்துக்கும் மிஞ்சும்.

முன்வாசலுக்கு அயனி போடுங்கள். ஆசாரி முகம் சுளித்தால், தேங்காய்ப்பட்டணத்துக் கரையில் வள்ளம் செய்ய எந்தத் தடி எடுத்தார்கள் என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரில் கிடந்த தடிக்கு உங்கள் வீட்டுச் சாரல் ஒன்றும் செய்யாது, கறையான் கிட்டே வராது. பொன்னிறம், வயசாக வயசாகத் தவிட்டு நிறமாகும். அஞ்சு அயனியில் நல்ல முற்றிய இரண்டு போதும், மூன்றை விட்டுவையுங்கள். அயனிப்பழம் தின்ன வௌவாலும் குருவியும் வரும், மகளுக்கும் பிடிக்கும்.

நமக்கு மழை இரண்டு தடவை, ஆகவே வெட்டுவது தை, மாசியில். தேய்பிறையில் வெட்டினால் வண்டு வராது என்பார் ஆசாரி, அவர் மனசுக்கு அதையும் செய்துவிட்டுப் போங்கள், நஷ்டம் இல்லை. அறுத்த தடியின் இரு தலையிலும் பெயின்ட் பூசி, நிழலில், இடையிடையே ரீப்பர் துண்டு வைத்து, காற்று போக அடுக்குங்கள். குறைந்தது நாலைந்து மாதம் காயட்டும். வீட்டு வேலை அவசரம் என்று பச்சையாக நிலை வைத்தால், அடுத்த மழையில் கதவு சாத்தாது, அப்போது மறுபடியும் எனக்குத்தான் எழுதுவீர்கள்.

மகள் லீவுக்கு வரும்போது வெட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரம் நிற்கும்போதே ஒவ்வொரு மூட்டிலும் தரைக்கு ஒரு சாண் மேலே, வெட்டுக்குக் கீழே படும்படி பெயின்டால் 1 முதல் 16 வரை அவளையே எண் போடச் சொல்லுங்கள், 14 தேக்கு, 2 அயனி. சாய்த்தபிறகு அதே எண்ணைத் துண்டின் தலையிலும் போட்டு, ஒரு நோட்டில் எண், சுற்று, நீளம் எழுதி, ரேஞ்ச் ஆபீசில் கொடுக்கும் பட்டியலோடு ஒத்துப்பார்க்கட்டும். பட்டா நகலும் புலப்படமும் கிடைத்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள், சர்வே எண் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கும் மனுவை எழுதித் தருகிறேன்.